கூரையை மறந்த 'நெட் சீரோ' பொதி: உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு ஒரு மதிப்பாய்வு

50 கிலோவாற்று சோலர், 20 இன்வேர்ட்டர் ஏசி, எல்.ஈ.டி. விளக்குகள், 'வெப்பம் தடுக்கும்' வெள்ளைப் பெயின்ற், சுடுநீருக்கு ஹீற் பம்ப் (காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் இயந்திரம்), ஒரு வருடப் பராமரிப்பு. திருகோணமலைக் கடற்கரையில் அலஸ்தோட்டத்திலிருந்து நிலாவெளி வரை விடுதி வைத்திருப்பவர்களிடம் 'நெட் சீரோ' (நிகர பூச்சியம்: வருடத்தில் எரிக்கும் அளவு மின்சாரத்தைத் தானே ஆக்குவது) என்ற தலைப்போடு வரும் மதிப்பீட்டுத்தாளில் பெரும்பாலும் இந்த ஆறும்தான் இருக்கும், அதுவும் இதே ஒழுங்கில். இங்கே எந்த நிறுவனத்தையும் எடைபோடவில்லை. பொதியை மட்டும் பிரித்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறோம். கணக்குக்காக ஒரு மாதிரி விடுதி: இரண்டு மாடி, 20 அறை, 700 சதுர மீற்றர் தளம், 350 சதுர மீற்றர் கொங்கிறீட் கூரை, மாதம் சராசரி 6,000 யூனிட்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லலாம். பொருட்கள் பெரும்பாலும் வாங்கத் தக்கவை. ஒழுங்குதான் தலைகீழ். நான்காவது வரியில் ஒட்டவைத்த கூரை முதலாவதாக வரவேண்டும், முதலாவதாக நிற்கும் சோலர் கடைசிக்குப் போகவேண்டும்.

ஏன் என்பதற்குக் கூரையை அளந்தாலே போதும். ஒரு கிலோவாற்று சோலர் இங்கே மாதம் சுமார் 120 யூனிட் தரும். பானலுக்கு மட்டும் கிலோவாற்றுக்கு 5 சதுர மீற்றர் வேண்டும். தண்ணீர்த் தாங்கி, படிக்கட்டுக் கூடு, ஏசி வெளி யூனிட்கள், கழுவ நடக்கும் வழி, தென்னை நிழல் எல்லாவற்றையும் கழித்தால் கூரையில் 60 வீதம் கிடைப்பதே நல்ல நிலை. அது 210 சதுர மீற்றர், அதாவது 42 கிலோவாற்று. வருடத்துக்கு ஏறத்தாழ 60,500 யூனிட். விடுதி எரிப்பது 72,000. தாளில் எழுதிய 50 கிலோவாற்றை ஏற்ற 250 சதுர மீற்றர் வேண்டும். அதை ஏற்றினால் ஒன்றில் தாங்கியின் நிழலில் பானல் கிடக்கும், அல்லது கழுவப் போக இடம் இராது.

இதே கணக்கைத் தளப்பரப்புக்குப் பிரித்தால் கூரையின் எல்லை தெரியும். இரண்டு மாடிக் கட்டடத்துக்குக் கூரை தரக்கூடியது சதுர மீற்றருக்கு வருடம் 86 யூனிட். மூன்று மாடிக்கு 58. நான்கு மாடிக்கு 43. நமது மாதிரி விடுதி இப்போது 103 எரிக்கிறது. இரண்டு மாடியில் ஆறில் ஒரு பங்கைக் குறைத்தால் நிகர பூச்சியம் கைக்கெட்டும். அதே பாவனையோடு மேலே இன்னொரு மாடி எழுப்ப நினைப்பவருக்கு எட்டாது, எத்தனை பானல் வாங்கினாலும் சரி. மாடி எண்ணிக்கையைக் கேட்காமலே 'நெட் சீரோ உத்தரவாதம்' எழுதித் தரும் தாளை அந்த இடத்திலேயே மடித்து வைக்கலாம்.

கட்டட வலுசக்திக் கோவைகளும் (மின் சிக்கன விதித் தொகுப்புகள்) இந்த ஒழுங்கில்தான் யோசிக்கின்றன. இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் 2008 கோவை கட்டட உறை (கூரை, சுவர், ஜன்னல்), விளக்கு, ஏசியும் காற்றோட்டமும், சுடுநீர், மின் விநியோகம் என்று பகுதி பகுதியாகப் போகிறது. நான்கு மாடி அல்லது அதற்கு மேல், 500 சதுர மீற்றர் தளம், 100 கே.வி.ஏ. மின் தேவை, 350 கிலோவாற்று குளிரூட்டல் கொள்ளளவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டடம் அதன் வரம்புக்குள் வந்துவிடும். 'இது சின்ன இடம், எங்களுக்கு என்ன கோவை' என்று நினைக்கும் 700 சதுர மீற்றர் விடுதியும் தளப்பரப்பால் உள்ளே வந்துவிடுகிறது. அதிகாரசபை பின்னர் கோவையைப் புதுப்பித்தும் இருக்கிறது. இந்தியாவின் 2017 கோவை சாதாரணம், பிளஸ், சூப்பர் என்று மூன்று படி வைத்திருக்கிறது. பொதி விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: கூரைக்கு நீங்கள் எடுத்த யூ மதிப்பு என்ன? பதில் வராவிட்டால் அங்கே கணக்கு எதுவும் நடக்கவில்லை.

யூ மதிப்பு என்பது ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீற்றரால் எத்தனை வாற்று வெப்பம் கடக்கிறது என்பது. 5 அங்குல வெறும் கொங்கிறீட் தட்டுக்கு அது சுமார் 3.3. மேலே 50 மில்லிமீற்றர் எக்ஸ்.பி.எஸ். (தண்ணீர் குடிக்காத இறுக்கமான நுரை) பலகை போட்டால் 0.5. வித்தியாசம் ஆறு மடங்குக்கு மேல்.

திருகோணமலையில் இது யூனிட் கணக்கோடு நின்றுவிடுவதில்லை, நேரக் கணக்கும் இருக்கிறது. கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஒரு மணியளவில் கூரையின் மேற்பக்கம் உச்சத்துக்குக் காயும். அந்தச் சூடு தட்டைக் கடந்து சீலிங் பக்கம் வர மூன்று நான்கு மணித்தியாலம் எடுக்கும். நாலு, ஐந்து மணிக்குத்தான் அறைக்குள் வெக்கை இறங்கத் தொடங்கி, இரவு எட்டு ஒன்பது வரை இறங்கிக்கொண்டே இருக்கும். விருந்தினர் கடலில் இருந்து வந்து ஏசியைத் தட்டுவதும் அப்போதுதான். சோலர் அணைந்திருக்கும். ஹோட்டல் கட்டணத்தின் உச்ச நேரம் 18:30க்குத் தொடங்கி 22:30 வரை ஓடும். நண்பகலில் பானலுக்கு மேல் விழுந்த அதே வெயிலை, வெள்ளையடிக்காத தட்டு பத்திரமாகச் சேமித்து வைத்து, அதிக விலை மின்சாரத்தின் நேரத்தில் திருப்பித் தருகிறது. இப்படி ஒரு பற்றரியை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள்.

ஆகவே வெள்ளைப் பெயின்ற் வரிக்கு நல்ல மதிப்பெண். பழைய சாம்பல் நிறக் கொங்கிறீட் விழும் வெயிலில் 65 முதல் 70 வீதத்தை உறிஞ்சும். புதிய வெள்ளைப் பூச்சு 20 முதல் 30 வீதம்தான். ஆனால் 'வெப்பம் தடுக்கும் பீங்கான் துகள்' என்ற பேச்சுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்புகிறது, அது உண்மை. அரை மில்லிமீற்றர் பூச்சு 50 மில்லிமீற்றர் பலகைக்குச் சமம் என்பது வெறும் விற்பனைப் பேச்சு. இழுபடும் தன்மையுள்ள நல்ல வெள்ளைக் கூரைப் பூச்சு எதுவானாலும், காய்ந்த பின் மொத்தத் தடிப்பு 400 முதல் 500 மைக்ரோன் வந்தால் போதும். இரண்டு கோட் போதும் என்று சொல்லி வாளியில் தண்ணீர் கலந்து இழுத்தால் அந்தத் தடிப்பு வராது. பரப்பையும் வாளிக் கணக்கையும் முதலே எழுதிவைத்து, வெறும் வாளிகளை எண்ணிப் பார்ப்பது சங்கடமான வேலைதான், ஆனால் பலன் தரும்.

பூச்சு உரிவதற்கு இங்கே இரண்டு காரணம் பெரிது. முதலாவது தட்டுக்குள் நிற்கும் ஈரம். மாலையில் அரை மீற்றர் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப் ஒட்டி விட்டு, மறுநாள் காலை தூக்கிப் பாருங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் அந்தக் கூரைக்கு இன்னும் நாள் வேண்டும். இரண்டாவது கழுவிய தண்ணீர். கடற்கரைக் கிணற்று உவர்நீரால் அழுத்தக் கழுவல் செய்தால் உப்பு கொங்கிறீட்டுக்குள்ளேயே தங்கி, பின்னர் பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பவுசரில் நன்னீர் எடுத்தாவது கடைசிக் கழுவலைச் செய்ய வேண்டும். கச்சான் காலம் பூசுவதற்குக் காய்ந்த காலம், ஆனால் காற்றோடு புழுதி வரும், பத்து மணிக்கு மேல் தட்டில் கால் வைக்க முடியாது. காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் ஒரு கோட் என்று வைத்துக்கொள்வது நல்லது. கொண்டல் (வடகிழக்குப் பருவ) மழை முடிந்த பின் கூரை பாசியால் கறுத்திருக்கும். தை பிறந்ததும் கழுவாவிட்டால் வெள்ளையின் பாதிப் பயன் போய்விடும்.

காசு இருந்தால் பூச்சோடு நிற்காமல் எக்ஸ்.பி.எஸ். பலகையையும் போடலாம். நீர்த்தடுப்பு, அதற்கு மேல் பலகை, அதற்கு மேல் தண்ணீரை வடியவிடும் ஜியோ துணி, அதற்கு மேல் 50 மில்லிமீற்றர் கொங்கிறீட் அல்லது வெள்ளை ஓடு. கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை ரெஜிபோமை அதற்குப் பதிலாகப் போடாதீர்கள், தண்ணீர் குடித்துப் பாரமாகும். அதைத் திறந்தபடி சீலிங்கில் ஒட்டுவது தீ ஆபத்து. தகரக் கூரை விடுதிகளுக்கு விற்கும் பளபளப்பு பபிள் சீட் பற்றி ஒன்று: தகரத்தோடு ஒட்டிக் கிடந்தால் அது அநேகமாக வேலை செய்யாது. பளபளப்பான முகம் கீழே பார்க்க, ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி விட வேண்டும். மேலே பார்க்கப் போட்டால் கொஞ்ச நாளில் புழுதி மூடிவிடும். (ஒரு பக்கக் குறிப்பு: இந்த விடுதிகள் பலவற்றில் கிடுகு வேய்ந்த சாப்பாட்டுக் கொட்டில் இருக்கிறது. வளாகத்திலேயே கூரைக்காக ஒரு யூனிட்டும் எரியாத இடம் அதுதான், எந்தத் தாளிலும் அதற்கு வரி கிடையாது.)

இதெல்லாம் சோலருக்கு முன் ஏன் முடிய வேண்டும் என்றால், பானல் ஏறிய பின் அதன் கீழே தூரிகை போகாது. பானல் 25 வருடம் நிற்கும், பூச்சு அதில் கால்வாசிக் காலம்தான். பானல் சட்டத்தின் கால்களுக்கான கொங்கிறீட் கட்டைகளை முதலில் வார்த்து, அவற்றைச் சுற்றி நீர்த்தடுப்பை ஏற்றி, பூசி, அதன் பின் சட்டத்தைப் பொருத்த வேண்டும். பூசி முடித்த தட்டில் துளை போட்டு அங்கர் அடிப்பவர் மாரிக்கு ஒழுக்கு வைத்துவிட்டுப் போகிறார்.

பொதியில் இல்லாத ஒரு வரி கண்ணாடி. கடல் பார்த்த அறை என்றால் இங்கே கிழக்குப் பார்த்த அறை. காலை எட்டு மணிக்கு 2 மீற்றருக்கு 2 மீற்றர் சாதாரண கண்ணாடிக் கதவுக்குள்ளால் ஒன்றரைக் கிலோவாற்றுக்கு மேல் வெயில் நுழையும். வெறும் அறையில் ஒரு ஹீற்றரைப் போட்டுவிட்டு விருந்தினர் காலைச் சாப்பாட்டுக்குப் போவது போல. ஒன்றரை மீற்றர் பல்கனிக் கூரை இருந்தாலும், அந்த நேரத்துத் தாழ்ந்த சூரியனுக்கு அது கதவின் மேல் பாதியைக்கூட மறைக்காது. வெளியே தொங்கும் தட்டி அல்லது திரை வேண்டும். உள்ளே போடும் திரைச்சீலை வெப்பம் வந்த பிறகுதான் தடுக்கிறது. வடக்கு, தெற்கு ஜன்னல்கள் சுலபம். நாம் இருப்பது வடக்கு 8.6 பாகை. ஆனியில் சூரியன் வடக்கே சாயும், மார்கழியில் தெற்கே. 1.2 மீற்றர் உயர ஜன்னலை நண்பகலில் முழுதாக மறைக்க வடக்கில் 32 சென்ரிமீற்றர் நீட்டும், தெற்கில் 75 சென்ரிமீற்றர் நீட்டும் போதும். 'வடக்கில் வெயில் வராது' என்ற நம்பிக்கை இந்த ஊருக்குச் செல்லாது.

ஏசி வரியில் பிழை அளவில்தான். 150 சதுர அடி அறைக்கு 18,000 பி.ரி.யூ. (ஏசியின் குளிரூட்டும் அளவு) எழுதுகிறார்கள், 'விருந்தினர் முறையிடக்கூடாது' என்று. கூட்டிப் பாருங்கள்: வெறும் கூரையின் மாலை வெப்பம் 0.9 கிலோவாற்று, சுவர் 0.3, கண்ணாடி 0.5, இரண்டு பேர் 0.25, ரி.வி., விளக்கு 0.15, குளியலறை விசிறி இழுக்கும் வெளிக்காற்று 0.6. மொத்தம் 2.7 கிலோவாற்று, அதாவது 9,200 பி.ரி.யூ. கூரையைச் சரிசெய்தால் கூரை வரி 0.2க்குக் கீழே போய், மொத்தம் 2 கிலோவாற்று, 7,000க்கும் கீழே. அப்போது 9,000 பி.ரி.யூ. இயந்திரமே தாராளமாகப் போதும். வெளிக்காற்றின் 0.6இல் பெரும்பகுதி ஈரம் என்பதைக் கவனியுங்கள். அளவுக்கு மீறிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிராக்கி, ஈரத்தை எடுக்குமுன் தணிந்துவிடும். அறை குளிர்ந்தாலும் பிசுபிசுப்பு போகாது. விருந்தினர் 16 பாகைக்கு இறக்குவார், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், முறைப்பாடும் வரும். 20 அறையில் அளவைப் பாதியாக்கினால் மிஞ்சும் காசு கூரைச் செலவில் நல்ல பங்கைக் கட்டிவிடும்.

உப்புக் காற்றுக்கு வெளி யூனிட்டின் தகடுகளில் பாதுகாப்புப் பூச்சு இருக்க வேண்டும். செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் சந்திக்கும் இடத்தில் உப்பு ஈரம் நின்றால் அலுமினியம் பொடியாகும். கடல் பக்கச் சுவரை விட்டு மறைவான பக்கம் வைப்பது பூச்சைவிடப் பெரிய பாதுகாப்பு. அழகுக்காகப் பலகைச் சட்டத்துக்குள் அடைத்தால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுத்து யூனிட் எகிறும். குழாய் உறை 19 மில்லிமீற்றர் வேண்டும், 9 மில்லிமீற்றர் இந்த ஈரத்துக்கு வியர்த்து சீலிங்கில் சொட்டும். பொருத்தும்போது வக்யூம் பம்ப் குழாயின் அழுத்தத்தை 500 மைக்ரோனுக்கு (இங்கே இது தடிப்பு அல்ல, வெற்றிட அளவு) இறக்கி, பத்து நிமிடம் அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸை அடித்துக் காற்றை வெளியே தள்ளுவது ஆர்-32 இயந்திரத்தில் சோம்பலோடு ஆபத்தும் சேர்ந்த வேலை, அந்தக் கேஸ் மெதுவாகத் தீப்பிடிக்கும் வகை.

விளக்கு வரிக்குக் குறை இல்லை. சுடுநீர் வரி பொதியிலேயே அதிகம் மதிக்கப்பட வேண்டியது, ஆனால் ஐந்தாவதாகக் கிடக்கிறது. 40 பேர், ஆளுக்கு 40 லீற்றர், 28 பாகையிலிருந்து 50 பாகைக்கு: நாளுக்கு 41 யூனிட். ஹீற் பம்ப் அதை 12 யூனிட்டில் முடிக்கும். வருடம் முழுவதும் சராசரி பாதி அறைகள் நிறைந்தாலும் 5,000 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும், மேலே பார்த்த பற்றாக்குறையில் ஏறக்குறைய பாதி. இன்னொன்று: பத்து அறையில் ஒரே நேரம் 3.5 கிலோவாற்று இன்ஸ்டன்ற் ஹீற்றர் ஓடினால் 35 கிலோவாற்று ஒரே அடியாக ஏறும். 42 கே.வி.ஏ.க்கு மேல் ஒப்பந்தமுள்ள எச்-2 (ஹோட்டல் கட்டண வகை) வாடிக்கையாளருக்கு மாதத்தின் உச்சக் கே.வி.ஏ.க்குத் தனிக் கட்டணம். சோலர் அனுப்பும் மின்சாரத்தைப் பில்லில் ஈடுகட்டும் நெட் மீற்றரிங் யூனிட்டைக் கழிக்கும், அந்தக் கட்டணத்தைத் தொடாது. 2,000 லீற்றர் தாங்கியும், காலை பத்திலிருந்து மூன்று வரை ஓடும் ரைமரும் போட்டால் இரண்டரைக் கிலோவாற்றுக்குள் வேலை முடிந்துவிடும். கிணற்று நீர் கடினமானது, தாங்கிக்குப் பதிலாகத் தான் அரிபடும் மக்னீசியம் அனோட் கம்பியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

இனி சோலர். பானல் ஐ.ஈ.சி. 61701 உப்புப் பனிச் சோதனை தேறியதா என்று கேட்டால் பெரும்பாலும் சான்றிதழ் வந்துவிடும். துருப்பிடிப்பது பானல் அல்ல, அதைத் தாங்கும் சட்டம். முன்பே முலாம் பூசிய மெல்லிய ஜி.ஐ. சனலை வெட்டிய முனைகள்தான் முதலில் சிவக்கும். செய்து முடித்த பின் சூட்டு முலாம் தோய்த்த இரும்பு, அல்லது அனோடைஸ் செய்த அலுமினியம், 316 தர ஸ்டெயின்லெஸ் ஆணிகள், உலோகம் மாறும் இடத்தில் நைலோன் வாஷர் என்று தாளில் எழுதுவியுங்கள். 304 ஆணி கடலருகே கறை பிடிக்கும். 2020 மார்கழி ஆரம்பத்தில் புரெவிப் புயல் கரையேறியது இந்த மாவட்டத்துக் கரையில்தான். கல் வைத்துப் பாரம் ஏற்றி நிறுத்தும் சட்டம் இந்த ஊர்க் கூரைக்கு ஏற்றதல்ல, ஓர வரிசைப் பானலுக்குக் கூடுதல் கிளாம்ப் வேண்டும். சாய்வு 10 பாகை போதும், அதற்குக் குறைந்தால் மழை கழுவாது, காக எச்சம் நின்று அந்த இடம் சுடும்.

'சோலர் போட்டேன், யூனிட் வரவில்லை' என்ற முறைப்பாட்டுக்கு ஒரு பெரிய காரணம் வோல்ற்று. வழங்கல் 230, மேல் கீழ் 6 வீதம், மேல் எல்லை 243.8. நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் விடுதியில் நண்பகலில் சுற்றுவட்டாரச் சோலர் எல்லாம் தள்ளும்போது அந்த எல்லை தாண்டி, பானல் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டர் பெட்டி நின்றுவிடும். உங்கள் பங்குக்கு வயரைப் பெரிதாக்கலாம். மூன்று பேஸ் 40 கிலோவாற்றுக்கு 58 அம்பியர். 50 மீற்றர் தூரத்துக்கு 16 சதுர மில்லிமீற்றர் வயரில் 3.3 வோல்ற்று ஏறும், 35இல் 1.5. கையெழுத்திடுமுன் ஒரு வாரம் பிரதான போர்டில் வோல்ற்றுப் பதிவுக் கருவி வைக்கச் சொல்லுங்கள். இன்வேர்ட்டரை மாலை வெயில் விழும் மேற்குச் சுவரில் மாட்ட விடாதீர்கள்.

ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. தெற்குக் கரைக்குக் கூட்டம் மார்கழி தொடங்கி வரும். நமக்குச் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை, வெயிலும் சோலரும் ஏசியும் ஒன்றாக உச்சத்தில் நிற்கும் காலம். கார்த்திகை, மார்கழியில் மேகம் மூடும்போது அறைகளும் வெறுமையாக இருக்கும். வருடக் கணக்கை எட்டுவது இங்கே ஒப்பீட்டில் இலகு.

கடைசி வரி, 'ஒரு வருடப் பராமரிப்பு', ஒரே சொல்லோடு நின்றால் அதற்குப் பெறுமதி இல்லை. மாதம் ஒருமுறை வெளி யூனிட்டை நன்னீரில் கழுவுதல், தையில் கூரையும் பானலும், ஆறு மாதத்தில் அனோட், வருடத்தில் ஒருமுறை எல்லா ஆணி முறுக்கமும் எர்த் அளவீடும் என்று திகதியோடு எழுதுவியுங்கள். கொடுப்பனவில் பத்து வீதத்தை ஒரு கச்சானும் ஒரு மாரியும் கடக்கும்வரை வைத்திருங்கள். அதை விடுவிக்க இரண்டு எண் போதும்: விருந்தினர் தங்கிய ஓர் அறை இரவுக்கு எத்தனை யூனிட், 18:30க்கும் 22:30க்கும் இடையில் மீற்றர் எத்தனை ஓடியது. இரண்டையும் வேலை தொடங்குமுன்னைய பன்னிரண்டு மாதப் பில்லோடும் அறைப் பதிவேட்டோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய பில்களை எறிந்தவர்கள் மின்சாரக் காரியாலயத்தில் பழைய பாவனை விபரத்தைக் கேட்டு எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கட்டும்.